தேசப்படத்தில் திரும்பி வந்த பெயர்கள்

பள்ளி வகுப்பறையின் சுவரில் ஆணியில் தொங்கும் தேசப்படத்தை அறியாதார் நம்மில் இலர். துணியில் ஒட்டிய காகிதம். மேலும் கீழும் மரச்சட்டம். சுருட்டிச் சுருட்டி நைந்த விளிம்பு. ஆசிரியரின் கைப்பிரம்பு ஓரிடத்தைத் தொட்டதும் மாணவன் எழுந்து அவ்விடத்தின் பெயரைச் சொல்லவேண்டும். பெயர் தெரிந்தவன் அமர்வான், தெரியாதவன் நிற்பான். பல்லாண்டுகள் இவ்வாறு பாடம் நடத்திய நாம், அப்படத்தை வரைந்தவர் யார், அப்பெயர்களை இட்டவர் யார் என்று மாணவரை ஒருநாளும் கேட்டதில்லை. நம்மை நாமே கேட்டுக்கொண்டதும் இல்லை. மலையும் ஆறும் இயற்கையாக அமைந்ததுபோலவே பெயரும் எல்லைக்கோடும் அமைந்தன என்பது நம் எண்ணமாக இருந்தது.

அந்தக் கேள்வியைத் தூரிகை கொண்டு கேட்ட ஓர் ஓவியர் அண்மைக்காலம் வரை வாழ்ந்திருந்தார். அவர் பெயர் ஜோன் க்விக்-டு-சீ ஸ்மித். அமெரிக்க ஐக்கிய நாட்டின் பூர்வகுடிகளில் ஒருவர். 1940ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் மொன்டானா மாநிலத்திலுள்ள பிளாட்ஹெட் ஒதுக்கு நிலத்தில் பிறந்து, 2025ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் தம் 85ஆம் வயதில் மறைந்தார். ‘விரைந்து கண்டுகொள்பவர்’ என்பது அவர் பெயரின் நடுப்பகுதிக்குப் பொருள். கல்வியின் பொருட்டுக் கூடியுள்ள நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில், கடல் கடந்த ஓர் ஓவியரின் கதை எதற்கு என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். படித்து முடிக்கும்போது அவ்வினாவுக்கு விடை கிடைக்கும் என்று நம்புகிறோம்.

ஓவியத்தில் இருப்பதும் இல்லாததும்

‘மாநிலப் பெயர்கள்’ என்பது அவர் 2000ஆம் ஆண்டில் வரைந்த ஓவியம். 4 அடி உயரமும் 6 அடி அகலமும் உடையது. இன்று வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக்காட்சியகத்தில் இருக்கிறது. தொலைவிலிருந்து நோக்குவோருக்கு அது நம் வகுப்பறைத் தேசப்படம் போன்றே தோன்றும். மாநிலத்துக்கு மாநிலம் வண்ணம் மாறுகிறது, எல்லைகள் தெரிகின்றன, பெயர்களும் தெரிகின்றன. அருகே சென்றால்தான் வேறுபாடு புலப்படும். வண்ணங்கள் தத்தம் எல்லைக்குள் அடங்கி நிற்கவில்லை. மேலிருந்து கீழாக வழிந்து, ஒரு மாநிலத்தின் நிறம் அடுத்த மாநிலத்துக்குள் இறங்குகிறது. வண்ணத்தின் அடியில் செய்தித்தாள் துண்டுகள் ஒட்டப்பட்டுள்ளன. எல்லாவற்றிலும் முக்கியமாக, பல மாநிலங்களுக்குப் பெயரே இல்லை.

எந்தப் பெயர்கள் இல்லை? இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியைக் குறித்து இட்ட வர்ஜீனியா இல்லை. இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் வந்த ஜார்ஜியா இல்லை. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் பெயரைத் தாங்கிய லூயிசியானா இல்லை. யார்க் கோமகனின் பெயர்கொண்ட நியூயார்க்கும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த பெயர்கள் அனைத்தையும் ஓவியர் விட்டுவிட்டார். பூர்வகுடிகளின் மொழிகளிலிருந்து பிறந்த பெயர்களை மட்டும் எழுதினார். ‘பெரும் ஆறு’ என்று பொருள்படும் மிசிசிப்பி இருக்கிறது. ‘தட்டையான நீர்’ எனப் பொருள்படும் நெப்ராஸ்கா இருக்கிறது. ‘நண்பர்’ என்னும் சொல்லிலிருந்து வந்த டெக்சாஸ் இருக்கிறது. மக்களினங்களின் பெயர்களையே கொண்ட டகோட்டா, கேன்சஸ், இல்லினாய், மாசசூசெட்ஸ் ஆகியவை இருக்கின்றன. 50 மாநிலங்களுள் ஏறத்தாழப் பாதிக்குப் பூர்வகுடிச் சொற்களே பெயர்களாக உள்ளன என்பது அமெரிக்கரில் பலரும் எண்ணிப் பாராத செய்தி. ஓவியர் புதிதாக ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. இருந்தவற்றில் சிலவற்றை நீக்கினார், அவ்வளவே. நீக்கியதும், நாள்தோறும் கண்ணில் பட்டும் காணப்படாதிருந்தவை காணப்பட்டன.

ஈண்டு நம் நெஞ்சுக்கு நெருக்கமான ஒன்றையும் குறிப்பிடவேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகம் நியூயார்க்கில் உள்ளது. கொலம்பியா என்பது கொலம்பசின் பெயரிலிருந்து வந்தது. அது நிற்கும் மன்ஹாட்டன் தீவின் பெயரோ அம்மண்ணில் வாழ்ந்த லெனாப்பே மக்களின் மொழிச்சொல். 1626இல் அத்தீவு 60 கில்டர் மதிப்புள்ள பண்டங்களுக்கு வாங்கப்பட்டதாக டச்சுக் கடிதம் ஒன்று கூறுகிறது. வாங்கியவர் கருத்தில் அது கிரயம். நிலத்தை விற்கும் வழக்கமே அறியாத மக்கள் அதனை அவ்வாறு கருதியிருப்பார்களா என்பது வேறு செய்தி. ஒரே இடத்தில் வென்றவர் பெயரும் தோற்றவர் பெயரும் அடுத்தடுத்து நிற்கின்றன. நாம் ஒன்றைப் போற்றிச் சொல்கிறோம். மற்றொன்றைப் பொருள் அறியாமலே சொல்கிறோம்.

பெயர் நின்றது, மக்கள் பெயர்ந்தனர்

பூர்வகுடிச் சொற்கள் இத்தனை மாநிலங்களுக்குப் பெயர்களாக நிலைத்தமை அம்மக்களுக்குச் செய்த மரியாதை அன்றோ என்று ஒருவர் கேட்கலாம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. இல்லினாய் மாநிலத்துக்குப் பெயர் தந்த இல்லினாய் மக்களின் வழித்தோன்றல்கள் இன்று இல்லினாயில் இல்லை. நெடுந்தொலைவிலுள்ள ஒக்லஹோமா மாநிலத்தில் வாழ்கிறார்கள். அங்கே அவர்கள் தாமாகக் குடியேறவில்லை. 1830ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் இயற்றப்பட்ட இந்தியர் அகற்றல் சட்டமும் அதனைத் தொடர்ந்த ஒப்பந்தங்களும் மிசிசிப்பி ஆற்றின் கிழக்கே வாழ்ந்த மக்களை மேற்கே துரத்தின. 1838-39 ஆண்டுகளில் செரோக்கி மக்கள் ஏறத்தாழ 16,000 பேர் படைவீரர் காவலில் நடத்திச் செல்லப்பட்டனர். குளிராலும் நோயாலும் அவர்களுள் சுமார் 4,000 பேர் மாண்டனர் என்பர். ‘கண்ணீர்ப் பாதை’ என அவ்வழி இன்றும் அழைக்கப்படுகிறது. ஒக்லஹோமா என்னும் பெயரும் சாக்டா மொழிச் சொல்லே. ‘சிவந்த மக்கள்’ என்பது அதன் பொருள். ‘சிவந்த மக்களின்’ நாடு என ஒதுக்கிவைத்த அந்நிலமும் பின்னர்க் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டு 1907இல் மாநிலமாயிற்று.

பெயரை வைத்துக்கொண்டு பெயருக்குரியவரை அகற்றுவது எளிது. பெயர் நிலம் கேட்பதில்லை.

பூர்வகுடிகளுக்குப் படம் வரையத் தெரியாது, ஆகவே மண்ணைக் காக்க இயலவில்லை என்று கூறுவாரும் உளர். அதுவும் தவறு. 1801இல் பிளாக்ஃபுட் இனத் தலைவர் அக்கோமொக்கி என்பவர், அட்சன்பே வணிகக் கழகத்தைச் சேர்ந்த பீட்டர் பிட்லர் என்னும் அளவையாளருக்கு மிசௌரி ஆற்றின் தலைநிலங்களைப் படமாக வரைந்து காட்டினார். மலைத்தொடரும் அதிலிருந்து இறங்கும் ஆறுகளும் அதில் இருந்தன. பிட்லர் அதன் படியை இலண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஆரோஸ்மித் என்னும் படப் பதிப்பாளர் 1802இல் வெளியிட்ட வட அமெரிக்கப் படத்தில் அச்செய்திகள் சேர்ந்தன. அமெரிக்க அரசு மேற்கே அனுப்பிய லூயிஸ்-கிளார்க் பயணக்குழு அப்படத்தைப் பார்த்தே வழி தேடியது. மண்ணை அறிந்தவர் வரைந்தார். அச்சிட்டவர் பெயர் தலைப்பில் நின்றது.

சதுரங்களாக வகுத்த நாடு

நிலம் எவ்வாறு தாளில் ஏறி விற்பனைப் பொருளாயிற்று என்பதை அறிந்தாலன்றி இந்த ஓவியத்தில் வண்ணம் எல்லை கடந்து வழிவதன் கருத்து விளங்காது. 1785இல் அமெரிக்கக் காங்கிரசு நிலச் சட்டம் ஒன்றை இயற்றியது. மலை, ஆறு, ஊர், இடுகாடு எதுவாயினும் ஆகுக. நிலம் முழுவதையும் நேர்க்கோடுகளால் சதுரம் சதுரமாக வகுப்பது என்பது அதன் முறை. பக்கத்துக்கு 6 மைல் கொண்ட சதுரம் ஒரு வட்டகை. அதனுள் ஒவ்வொன்றும் 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகள். 16ஆம் எண் பிரிவு ஒவ்வொரு வட்டகையிலும் பொதுப்பள்ளிக்கென ஒதுக்கப்பட்டது.

ஆசிரியராகிய நாம் இச்செய்தியை முதலில் படித்தபோது மகிழ்ந்தோம். பள்ளிக்கு நிலம் ஒதுக்கிய பின்னரே ஊரை அமைத்த அறிவுடைமையைப் பாராட்டினோம். பிறகு மற்றோர் எண்ணம் தோன்றியது. 36 சதுரங்களில் பள்ளிக்கு ஒன்று உண்டு. அதுவரை அங்கே வாழ்ந்த மக்களுக்கு ஒன்றும் இல்லை. நல்ல நோக்கத்துடன் வரைந்த படத்திலும் மனிதர் விடுபட்டுப்போக முடியும்.

ஒரு பள்ளத்தாக்கின் வழக்கு

இனி ஓவியரின் சொந்த மக்களாகிய சாலிஷ் இனத்தாரின் கதைக்கு வருவோம். 1805ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், பிட்டர்ரூட் பள்ளத்தாக்கின் தென்பகுதியில் லூயிஸ்-கிளார்க் குழுவினர் சாலிஷ் மக்களைச் சந்தித்தனர். குழுவினர் பசியாலும் குளிராலும் வருந்தினர். சாலிஷ் மக்கள் அவர்கள் தோள்களில் வெண்ணிறத் தோற்போர்வைகளைப் போர்த்தி வரவேற்றனர். குதிரைகள் தந்து உதவினர். அக்குதிரைகள் இன்றேல் அக்குழு மலையைக் கடந்திருப்பது அரிது.

ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழிந்தன. 1855ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் ஹெல்கேட் என்னுமிடத்தில் ஆளுநர் ஸ்டீவன்ஸ் அம்மக்களோடு ஒப்பந்தம் செய்தார். சாலிஷ், பெண்டோரே, கூட்டனே ஆகிய மூன்று இனத்தாரும் மிகப் பரந்த நிலத்தை விட்டுக்கொடுத்து, சுமார் 12½ லட்சம் ஏக்கர் கொண்ட பிளாட்ஹெட் ஒதுக்கு நிலத்தைத் தமக்கென வைத்துக்கொண்டனர். அக்கூட்டத்தில் இருந்த பாதிரியார் ஒருவர், பேசியதில் பத்தில் ஒரு பங்குகூட இருசாராருக்கும் விளங்கவில்லை என்று பின்னர் எழுதிவைத்தார்.

பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு சாலிஷ் மக்களின் தாயகம். அதனை விட்டு நீங்க அவர்கள் இசையவில்லை. ஆகவே ஒப்பந்தத்தின் 11ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. அப்பள்ளத்தாக்கைச் செவ்வனே அளந்து ஆராயவேண்டும். ஒதுக்கு நிலத்தைவிட அதுவே அம்மக்களுக்கு ஏற்றதாயின் அதனையும் அவர்களுக்கு ஒதுக்கவேண்டும் என்பது அந்நிபந்தனை. மக்கள் நம்பிக் காத்திருந்தனர். உறுதியளித்தவாறு அந்த அளவை நடைபெறவே இல்லை. குடியேறிகள் மட்டும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தனர். அளந்தமையால் நிலம் இழந்தோர் பலர். அளக்காமல் விட்டமையாலும் நிலம் போகும் என்பதற்கு இது சான்று.

1872இல் காங்கிரசு உறுப்பினராக இருந்தவரும் பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவருமான கார்பீல்டு, மக்களை வெளியேறச் செய்யும் உடன்படிக்கையுடன் வந்தார். தலைவர் சார்லோ கையொப்பமிட மறுத்தார். எனினும் அரசு அச்சிட்டு வெளியிட்ட உடன்படிக்கையில் சார்லோவின் பெயரும் அதன் அருகே அவர் இட்டதாகக் கீறலும் காணப்பட்டன. தாம் இடவில்லை என்று சார்லோ இறுதிவரை சொல்லிவந்தார். 1883இல் செனட் உறுப்பினர் வெஸ்ட் விசாரித்து, மூலப் படியைப் பார்த்தபோது அதில் சார்லோவின் கீறல் இல்லை என்பது வெளிப்பட்டது. உண்மை வெளிப்பட்டதே அன்றி நிலம் திரும்பவில்லை. 1891ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சார்லோவும் எஞ்சிய மக்களும் தம் தாய்நிலத்தை விட்டு வடக்கே பிளாட்ஹெட் ஒதுக்கு நிலத்துக்கு நடந்தனர். ஒப்பந்தம் கண்ட நாளிலிருந்து 36 ஆண்டுகள் ஆயுதம் எடாமல் வாய்மையை நம்பி நின்ற மக்கள் அவர்கள்.

தாளில் இட்டது ஒரு சிறு கீறல். அதனை யார் இட்டார் என்று கேட்டு, மூலப் படியை எடுத்துப் பார்க்கவல்ல ஒருவர் அன்று அம்மக்களிடையே இருந்திருப்பாராயின்! கல்விச் சங்கம் எதற்கு என்பாருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ?

பங்கிட்டுக் கொடுத்துப் பறித்தமை

ஒதுக்கு நிலத்திலும் அவர்களை நிம்மதியாக விடவில்லை. 1887இல் டாஸ் சட்டம் என்னும் பங்கீட்டுச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. இனத்தார் பொதுவில் வைத்திருந்த நிலத்தை ஆளுக்கு இத்தனை ஏக்கர் எனப் பிரித்துக் கொடுப்பது. மிஞ்சியதை ‘உபரி’ எனப் பெயரிட்டுக் குடியேறிகளுக்கு விற்பது. கொடுப்பதுபோல் தோன்றிய சட்டம் அது. முடிவைப் பார்ப்போம். 1887இல் பூர்வகுடிகளிடம் எஞ்சியிருந்த நிலம் 13 கோடியே 80 லட்சம் ஏக்கர். அச்சட்டம் கைவிடப்பட்ட 1934இல் இருந்தது 4 கோடியே 80 லட்சம் ஏக்கர். 47 ஆண்டுகளில் 9 கோடி ஏக்கர் கைமாறிற்று.

பிளாட்ஹெட்டுக்குரிய பங்கீட்டுச் சட்டம் 1904இல் இயற்றப்பட்டது. ஆளுக்கு 80 ஏக்கர் பயிர்நிலம், அல்லது 160 ஏக்கர் மேய்ச்சல் நிலம். 1910இல் ‘உபரி’ நிலம் வெளியாருக்குத் திறந்துவிடப்பட்டது. தமக்கென ஒதுக்கிய நிலத்திலேயே அம்மக்கள் சிறுபான்மையினர் ஆயினர். இவ்வாறு சதுரங்களாகத் துண்டுபட்ட மண்ணில்தான் 1940இல் நம் ஓவியர் பிறந்தார்.

தாமதமாக வந்த பட்டம்

அவர் தந்தை குதிரை வியாபாரி. நிலையான வீடு இல்லை; ஊர் ஊராக அலைந்த வாழ்வு. சிறுமியாக இருந்தபோதே பண்ணைகளில் வேலை செய்து கூலி பெற்றார். வாஷிங்டன் மாநிலத்தில் கல்லூரியில் சேர்ந்தபோது ஆசிரியர் ஒருவர், ஆண்களைவிட அவர் நன்றாக வரைவதை ஒப்புக்கொண்டு, ஆயினும் பெண் ஓவியராக இயலாது என்று கூறினாராம். பாராட்டும் தடையும் ஒரே வாயிலிருந்து வருவதை நம் பிள்ளைகளும் அறிவர்.

ஸ்மித் படிப்பை விடவில்லை. வேலை செய்தும் பிள்ளைகளை வளர்த்தும் இடையிடையே பயின்றார். 1976இல், தம் 36ஆம் வயதில், மாசசூசெட்சிலுள்ள பிரேமிங்காம் அரசுக் கல்லூரியில் ஓவியக்கல்விப் பட்டம் பெற்றார். 1980இல், 40ஆம் வயதில், நியூமெக்சிகோ பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். வயது கடந்துவிட்டது என்று படிப்பை மூட்டைகட்டி வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் இவ்விரண்டு ஆண்டுகளையும் மனத்தில் கொள்வார்களாக.

கொலம்பசு வந்திறங்கி 500 ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாட அமெரிக்கா ஆயத்தமான 1992இல் அவர் தூரிகை கூர்மையடைந்தது. தேசப்படங்களை அவர் வரையத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். அவ்வாண்டில் வரைந்த ‘வெள்ளையரோடு நிலம் மாற்றுவதற்கான பரிசுகள்’ என்னும் படைப்பில், பெரிய ஓடம் ஒன்றின் மேலே கயிறு கட்டி, பூர்வகுடிகளைக் கேலிசெய்யும் விளையாட்டுப் பொம்மைகளையும் விளையாட்டுக் குழுக்களின் தொப்பிகளையும் தொங்கவிட்டார். மணியும் துணியும் கொடுத்து நிலத்தைக் கொண்டீர்கள். இதோ உங்கள் பொருள்கள், எங்கள் நிலத்தைத் தாருங்கள் என்பது அதன் கருத்து. சினத்தை நகைச்சுவையாக மாற்றிய திறம் அவருடையது.

1941இல் திறக்கப்பட்ட வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், பூர்வகுடி ஓவியர் ஒருவரின் வண்ண ஓவியத்தை முதன்முதலாக விலைகொடுத்து வாங்கியது 2020இல். அது ஸ்மித்தின் ஓவியம். 79 ஆண்டுகள் தேவைப்பட்டன. 2023இல் நியூயார்க்கின் விட்னி கலைக்காட்சியகம் அவருடைய வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சியை நடத்தியது. பூர்வகுடி ஓவியர் ஒருவருக்கு அங்கே அவ்வாறு நடந்தது அதுவே முதன்முறை. அக்கண்காட்சிக்கு ‘நினைவுப் படம்’ என்று பெயர்.

முதல்வராக நுழைந்தவர் கதவைத் தமக்குப்பின் சாத்திக்கொள்ளவில்லை என்பதே நாம் மிகவும் போற்றுவது. தம் வாழ்நாள் முழுதும் பிற பூர்வகுடி ஓவியருக்காகக் கண்காட்சிகள் அமைத்தார். 2023இல் அதே தேசியக் கலைக்கூடத்தில் ஏறத்தாழ 50 பூர்வகுடிக் கலைஞரின் படைப்புகளைத் தாமே தேர்ந்து காட்சிக்கு வைத்தார்.

ஓவியம் நிலத்தை மீட்குமா?

இங்கே நேர்மையான ஒரு கேள்வி எழும். ஓவியத்தில் ஒரு பெயரை நீக்கினால் மண்ணில் ஓரங்குலம் திரும்புமா? திரும்பாது. ஓவியம் அதற்காக வரையப்படவும் இல்லை. ஆயினும் பிளாட்ஹெட் மக்கள் தூரிகையோடு நின்றுவிடவில்லை. 1977இல் அவர்கள் தமக்கென சாலிஷ் கூட்டனே கல்லூரியை நிறுவினர். முதியோரைக் கேட்டு ஆறு, மேடு, காடு ஆகியவற்றின் பழைய பெயர்களைத் தொகுத்தனர். இழந்த நிலத்தைத் துண்டு துண்டாக விலைகொடுத்து மீண்டும் வாங்கினர். ஒதுக்கு நிலத்தின் நடுவே 1908இல் காட்டெருமைக் காப்பகத்துக்கென அரசு எடுத்துக்கொண்ட நிலம், 2020 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தால் அவர்களுக்குத் திரும்பியது. அம்மண்ணில் ஓடும் ஆற்றின்மேல் 1938இல் கட்டிமுடித்த பேரணைக்கு மின்குழுமத் தலைவராகிய கெர் என்பவரின் பெயர் இடப்பட்டிருந்தது. 2015 செப்டம்பரில் அம்மக்களே அவ்வணையை விலைக்கு வாங்கினர். கெர் என்னும் பெயரை நீக்கி, தம் மூன்று இனங்களின் பெயர்களையும் தம் மொழியிலேயே அதற்கு இட்டனர். 93ஆம் எண் நெடுஞ்சாலையில் செல்வோர் இன்று ஊர்ப்பெயர்ப் பலகைகளில் அவர்தம் மொழிகளைக் காண்கின்றனர்.

பெயரை மீட்டது கல்வியும் சட்ட அறிவும் சேமித்த பணமும் ஒற்றுமையும். ஆனால் பெயர் பறிபோயிற்று என்பதைப் பறிகொடுத்தவரும் பறித்தவரும் ஒருங்கே காணச் செய்தது ஓவியம். காணாததை எவரும் மீட்க முயல்வதில்லை.

நம் ஊர்ப் படம்

அமெரிக்காவில் பங்கீட்டுச் சட்டம் வந்த சில ஆண்டுகளுக்குள் நம் மாநிலத்திலும் நிலம் பற்றிய ஆணை ஒன்று பிறந்தது. 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சிப் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அதனையொட்டி 1892இல் நம்மவர்க்கு நிலம் வழங்க அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்பது அதுவே. குறித்த காலம் வரை விற்கலாகாது. அதன் பின்னரும் நம்மவரல்லாதார்க்கு மாற்றலாகாது என்பது நிபந்தனை. அங்கே வந்தது பறிக்கும் சட்டம். இங்கே பிறந்தது வழங்கும் ஆணை. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் முடிவு ஒத்திருந்தது. தாளில் உள்ளதை வாசிக்க அறியாதார் கையிலிருந்து அந்நிலங்கள் பல பிறர் கைக்குப் போயின. 1994இல் செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர் ஈந்தனர். அவர்கள் கேட்டது நூறாண்டுக்கு முன் தாளில் எழுதித் தந்ததையே.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நாம் வாழும் இடங்களைக் ‘காலனி’ என்று குறிக்கும் வழக்கம் நீண்டநாள் இருந்தது. பெயர் கேட்ட அளவில் இன்னார் எனப் பிரித்தறியும் அடையாளமாக அச்சொல் ஆயிற்று. அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுவழக்கிலிருந்தும் அச்சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். மகிழ்ச்சி. ஆனால் நீக்கிய இடம் வெற்றிடமாக நிற்றல் ஆகாது. ஸ்மித் நீக்கிய பெயர்களின் அடியில் பழைய பெயர்கள் காத்திருந்தன. நம் தெருக்களின் அடியில் எந்தப் பெயர்கள் காத்திருக்கின்றன?

அதனைத் தேடுவது இளைஞராகிய உங்கள் கடமை. வழி எளியது. உங்கள் ஊரின் கிராம வரைபடத்தைப் பெறுங்கள். புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் குடியிருப்பும் இடுகாடும் பாதையும் எந்தப் புல எண்ணில் உள்ளன, எந்தப் பெயரில் உள்ளன, பட்டா யார் பெயரில் இருக்கிறது, புறம்போக்கு எனக் குறித்தது எது எனக் கண்டறியுங்கள். விளங்காத சொல்லை விளங்கும்வரை கேளுங்கள். பிறகு ஊரிலுள்ள முதியோர் பக்கத்தில் அமருங்கள். அந்தக் குட்டைக்கு அவர்கள் இட்ட பெயர் என்ன, அந்த மேட்டை வெட்டித் திருத்தியவர் யார், அந்தக் கிணறு யார் தோண்டியது என்று கேட்டு, ஒரு தாளில் உங்கள் கையாலேயே படம் வரைந்து, அப்பெயர்களை அதில் எழுதுங்கள். அரசின் படம் ஒன்றும் உங்கள் படம் ஒன்றுமாக இரண்டும் நம் சங்கத்தின் நூலகத்தில் இருக்கவேண்டும். ஒன்று உரிமைக்குச் சான்று. மற்றொன்று வரலாற்றுக்குச் சான்று.

25 ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வருகிறது. எழுத்து அறிந்த பிள்ளைகள் இனிப் படத்தையும் வாசிக்கட்டும். பிரம்பு தொட்ட இடத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடும் மாணவன் போதாது. இப்பெயரை இட்டவர் யார் என்று எழுந்து கேட்கும் மாணவன் நமக்கு வேண்டும். அக்கேள்வி எங்கள் வகுப்பறையில் ஒருநாள் கேட்டிருக்குமாயின், கைப்பிரம்பைக் கீழே வைத்துவிட்டு நாமும் அவனோடு அமர்ந்து விடை தேடியிருப்போம். இனியேனும் தேடுவோம்.